நேரமும் ஜெபமும்: விட்டன்பர்க் நாவிதருக்கு லூத்தர் எழுதிய நூல்

முன்னுரை

திருப்பணியாளர் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கப்படும் முறையீடு ஒன்றுண்டு. அமைதியாக ஜெபிக்க நேரமில்லை என்பதே அது. ஒரு சேகரத்தின் பொறுப்பில் ஐந்தாறு சபைகள் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனைகள், நோயுற்றோர் சந்திப்பு, அடக்க ஆராதனை, திருமண அறிக்கைகள், பள்ளி நிர்வாகம், கமிட்டிக் கூட்டங்கள், கணக்கு ஒப்படைப்பு எனப் பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்குகின்றன. கைப்பேசியோ இரவிலும் ஓய்வதில்லை. இறையியல் மாணவரின் நிலையும் இதற்கு வேறன்று. தேர்வும் கட்டுரையும் வார இறுதிப் பணியும் அவர் நாளைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இம்முறையீட்டுக்கு இருவகை மறுமொழிகள் வழக்கமாகத் தரப்படுகின்றன. விடியுமுன் எழுந்திருந்தால் நேரம் கிடைக்கும் என்பது ஒன்று. செய்யும் பணியே ஜெபம், தனியே நேரம் எதற்கு என்பது மற்றொன்று. முன்னது மனச்சாட்சியைச் சுமையேற்றுகிறது. பின்னது அதை உறங்கச் செய்கிறது. இவ்விரண்டு மறுமொழிகளுக்கும் நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை, அதாவது 1516ஆம் ஆண்டு முதல் 1535ஆம் ஆண்டு வரை விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூத்தரும் அவரைச் சூழ்ந்திருந்தோரும் ஜெபநேரத்தைக் குறித்துப் பெற்ற அனுபவத்தை, ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். லூத்தரைத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் அவர் ஜெபவீரராகப் போற்றப்படுவது அன்று. ஜெபிக்க நேரமின்றி அவர் திணறினார் என்பதும், அத்திணறலைத் தம் கைப்படவே எழுதிவைத்தார் என்பதுமே காரணமாகும்.

1. மணியோசைக்கு உட்பட்ட நாள்

மேற்கத்தியத் திருச்சபையில் நாளை ஜெபத்துக்கெனப் பகுத்தளித்தவருள் தலையாயவர் பெனடிக்ட் (சுமார் 480–547). அவர் இயற்றிய மடத்து ஒழுங்கு 73 அதிகாரங்களைக் கொண்டது. பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் துறவிகள் ஒன்றுகூடி வழிபட வேண்டும் என அதன் 16ஆம் அதிகாரம் விதிக்கிறது. 119ஆம் சங்கீதத்தின் 164ஆம், 62ஆம் வசனங்களே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பெறுகின்றன. 150 சங்கீதங்களும் ஒரு வாரத்துக்குள் பாடி முடிக்கப்பட வேண்டும். வழிபாட்டுக்கான அடையாள ஒலி கேட்டதும் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டு வரவேண்டும் என்கிறது 43ஆம் அதிகாரம். உழைப்புக்கும் வாசிப்புக்கும் வேளை குறிப்பது 48ஆம் அதிகாரம்.

இவ்வொழுங்கில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, ஜெபத்துக்கான நேரத்தைத் தேடும் பொறுப்பு எந்தத் துறவியின்மேலும் தனியே சுமத்தப்படவில்லை. நேரத்தைக் குறித்தது மடம்; அதை அறிவித்தது மணி; அதைக் காத்தது உடன்வாழ்வோரின் கூட்டம். ஒருவனுக்கு அன்று மனம் இருந்ததா, இல்லையா என்பது முதற்கேள்வியாகவில்லை. இரண்டாவது, தனி ஜெபத்தைப் பற்றிப் பேசும்போது பெனடிக்ட் அளவில் சிக்கனமானவராகவே தோன்றுகிறார். ஜெபம் குறுகியதாகவும் தூயதாகவும் இருக்க வேண்டும் என்பதே 20ஆம் அதிகாரத்தின் கருத்து.

எனினும் இவ்வொழுங்கு அனைவருக்கும் எட்டவில்லை. 12ஆம் நூற்றாண்டின் சிஸ்டெர்சிய மடங்களில் நிலத்தை உழுது மந்தையை மேய்த்த உழைப்பாளர் சகோதரர் தனிப்பிரிவாக இருந்தனர். எழுத்தறியாத இவர்களுக்குச் சங்கீதங்களுக்குப் பதிலாகக் கர்த்தருடைய ஜெபத்தைக் குறித்த எண்ணிக்கையில் சொல்லுமாறு கட்டளையிடப்பட்டது. ஒருசாரார் எண்வேளையும் பாடுவதற்கு மற்றொரு சாராரின் கைகள் உழைக்க வேண்டியிருந்தது. ஜெபநேரத்தின் வரலாற்றில் இந்தக் கேள்வி தொடர்ந்து வரும்: ஒருவருடைய அமைதிக்காக உழைத்தவர் யார்?

2. கடனாகிப்போன ஜெபம்

லூத்தர் 1505ஆம் ஆண்டு எர்ஃபர்ட் நகரின் அகுஸ்தீனிய மடத்தில் சேர்ந்தார். மடத்தினர் கூடிப் பாடிய நேர வழிபாடுகளில் பங்கேற்க இயலாதபோது, அவற்றைத் தனியே வாசித்து முடிப்பது துறவிக்குரிய கடமையாயிருந்தது. மடத்துக்குள்ளேயே வாழ்பவருக்கு இது இயல்பான ஒழுங்கு. பல்கலைக்கழகத்தில் போதிப்பவருக்கு அது அவ்வாறு அமையவில்லை.

1516ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தம் நண்பர் யோஹன் லாங் என்பவருக்கு லூத்தர் எழுதிய கடிதம் இன்றைய சேகர குரு ஒருவர் எழுதியது போலவே இருக்கிறது. இரண்டு எழுத்தர் இருந்தாலும் போதாத அளவுக்கு நாள்முழுதும் கடிதம் எழுதுவதிலேயே கழிகிறது என்கிறார். மடத்தில் பிரசங்கிப்பவர் அவர். உணவுவேளையில் வாசிப்பவர் அவர். நகரச் சபையிலும் நாள்தோறும் பிரசங்கிக்க அழைக்கப்படுகிறார். மாணவர் கல்விக்குப் பொறுப்பாளர். பதினொரு மடங்களின் மேற்பார்வையாளர். தொலைவிலுள்ள ஒரு மீன்குளத்தின் கண்காணிப்பும், வேறோர் ஊரின் வழக்கும் அவர் தலையில். இவற்றினிடையே பவுலைப் பற்றிய விரிவுரையும் சங்கீத விளக்கமும். நேர வழிபாடுகளை முழுமையாக முடிக்கத் தமக்கு அருமையாகவே நேரம் கிடைக்கிறது என்று அவரே சொல்கிறார்.

அவர் கண்ட வழி பிற்காலத்தில் அவர் மேசையுரைகளில் பதிவாகியுள்ளது. வாரநாட்களில் விட்டுப்போன வழிபாடுகளையெல்லாம் சேர்த்துவைத்து, சனிக்கிழமை அறைக்கதவை அடைத்துக்கொண்டு, உணவும் நீருமின்றி மொத்தமாக வாசித்துத் தீர்ப்பாராம். சில வேளைகளில் இரண்டு மூன்று வார நிலுவை சேர்ந்துவிடும். இவ்வாறு செய்ததால் தலைசுற்றலும் உறக்கமின்மையும் நோயும் வந்தன. இறுதியில் ஏறக்குறைய மூன்று மாத நிலுவை சேர்ந்தபோது, 1520ஆம் ஆண்டளவில் அவர் அதை முற்றிலும் கைவிட்டார்.

இதில் கேலிக்குரியது ஒன்றுமில்லை. ஒரு சமுதாயத்துக்கென வகுக்கப்பட்ட ஒழுங்கு, அச்சமுதாயத்திலிருந்து பிரிந்து வாழும் தனிமனிதன்மேல் அதே அளவில் சுமத்தப்பட்டபோது என்ன ஆகும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. மணியும் இல்லை, உடன்பாடுவோரும் இல்லை. கணக்கு மட்டும் எஞ்சி நின்றது. ஜெபம் வட்டியோடு வளரும் கடனாயிற்று. கடனை அடைக்கும் முயற்சியில் கடவுளோடு பேசுதல் என்னும் நோக்கமே மறைந்துபோயிற்று. கிருபையால் நீதிமானாக்கப்படுதல் என்னும் போதனை படிப்பறையில் மட்டும் பிறந்தது அன்று; சனிக்கிழமைகளில் தீராத இக்கணக்குக்கும் அதில் பங்கு உண்டு எனக் கருத இடமுண்டு.

3. விடுதலையும் வெறுமையும்

பழைய கணக்கு ஒழிந்தது. அவ்விடத்தில் என்ன வைக்கப்பட்டது? லூத்தர் 1522ஆம் ஆண்டு சிறு ஜெபநூல் ஒன்றை வெளியிட்டார். 1523ஆம் ஆண்டு சபை வழிபாட்டு ஒழுங்கைப் பற்றி எழுதியபோது, நாள்தோறும் காலையிலும் மாலையிலும் சபை கூடித் திருமறை வாசிப்பும் விளக்கமும் ஜெபமும் நடைபெற வேண்டும் என்றார். எண்வேளை இருவேளையாயிற்று, துறவியருடைய வழிபாடு சபையாருடையதாயிற்று. 1529ஆம் ஆண்டு வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தில், காலையில் எழும்போதும் இரவில் படுக்கைக்குச் செல்லும்போதும் வீட்டார் சொல்லவேண்டிய சுருக்கமான ஒழுங்கைச் சேர்த்தார். விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஒரு சிறு மன்றாட்டு ஆகியவற்றோடு காலை ஒழுங்கு முடிகிறது. பின்னர் மகிழ்ச்சியோடு வேலைக்குச் செல்லலாம். உணவுக்கு முன்னும் பின்னும் சொல்வதற்கும் ஜெபங்கள் தரப்பட்டன.

சீகன்பால்க் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் கற்றபின், இச்சிறிய ஞானோபதேசத்தைத் தமிழில் பெயர்த்தார். ஆகவே இந்த வரலாறு நமக்கு அயலானது அன்று. நம் இல்லங்களின் குடும்ப ஜெப வழக்கத்தின் வேர்களுள் ஒன்று விட்டன்பர்க்கில் இருக்கிறது.

ஆனால் விடுதலை பெற்றவர்கள் யாவரும் ஜெபித்தார்களா? பெரிய ஞானோபதேசத்துக்கு 1530ஆம் ஆண்டு எழுதிய முன்னுரையில் லூத்தர் போதகர்களைக் கடுமையாகக் கடிந்துகொள்கிறார். ஏழு வேளைப் பாராயணத்திலிருந்து விடுபட்டவர்கள், அதற்குப் பதிலாகக் காலையும் நண்பகலும் மாலையும் ஞானோபதேசத்திலோ ஜெபநூலிலோ புதிய ஏற்பாட்டிலோ ஓரிரு பக்கங்களைக்கூட வாசிப்பதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. தாம் மறைநூல் பேராசிரியராகவும் பிரசங்கியாகவும் இருந்தும், ஒரு குழந்தையைப்போல் நாள்தோறும் காலையில் பத்துக் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் சங்கீதங்களையும் சொல்லிவருவதாக அவர் அதே முன்னுரையில் கூறுகிறார். சுமையை இறக்கிவைத்தவரே, சுமை நீங்கியதால் வந்த வெறுமையையும் முதலில் கண்டார்.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்துவது நலம். தமக்கு மிகுந்த வேலை இருப்பதால் முதல் மூன்று மணி நேரத்தை ஜெபத்தில் செலவிடுவதாக லூத்தர் கூறினார் என நம் பிரசங்கங்களில் எடுத்தாளப்படுவதுண்டு. அவ்வடிவில் அக்கூற்றுக்கு அவருடைய எழுத்துகளிலிருந்து ஆதாரம் காட்டப்படுவதில்லை. உறுதியாகக் கிடைப்பது வேறொருவரின் சாட்சி. 1530ஆம் ஆண்டு அவுக்ஸ்பர்க்கில் பேரவை நடைபெற்றபோது, அங்கே செல்ல இயலாத லூத்தர் ஏறத்தாழ ஆறு மாதங்கள் கோபுர்க் கோட்டையில் தங்கியிருந்தார். உடனிருந்த வைட் டீட்ரிஹ் என்பவர், படிப்புக்கு மிக ஏற்ற நேரத்தில் நாளொன்றுக்குக் குறைந்தது மூன்று மணி நேரத்தை லூத்தர் ஜெபத்தில் கழிக்கிறார் என்று மெலாங்தனுக்கு எழுதினார். இச்சாட்சி மதிப்புமிக்கது. ஆனால் அது நண்பர்களின் உயிரும் சபையின் வருங்காலமும் ஊசலாடிய காலத்தில், சபைப்பணியிலிருந்து ஒதுங்கியிருந்த ஒருவரைப் பற்றியது. அதை எல்லா நாளுக்கும் எல்லாருக்கும் உரிய அளவுகோலாக லூத்தர் ஏற்படுத்தவில்லை. ஐந்து ஆண்டுகளுக்குப்பின் தொழிலாளி ஒருவர் கேட்டபோது அவர் மூன்று மணி நேரத்தைப் பற்றிப் பேசவில்லை.

4. நாவிதருக்கு எழுதிய நூல்

விட்டன்பர்க் நகரில் பேதுரு பெஸ்கன்டார்ஃப் என்னும் நாவிதர் இருந்தார். லூத்தருக்கு நெடுநாள் நண்பர். அந்நாளில் நாவிதர் முடிதிருத்துவதோடு காயங்களுக்கு மருந்திடும் பணியையும் செய்துவந்தனர்; கடை திறந்திருக்கும் வரை ஆட்கள் வந்துகொண்டேயிருப்பர். அலுவல் மிகுந்தவன் எவ்வாறு ஜெபிப்பது என்ற அவர் கேள்விக்கு மறுமொழியாக 1535ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூத்தர் எழுதியதே, ஜெபிப்பதற்கு ஓர் எளிய வழி என்னும் சிறுநூல். அது அவ்வாண்டிலேயே பலமுறை அச்சாயிற்று.

நூல் போதனையோடு தொடங்கவில்லை. ஆசிரியரின் சொந்த வழக்கத்தோடு தொடங்குகிறது. பிற அலுவல்களாலும் நினைவுகளாலும் தம் உள்ளம் குளிர்ந்து ஜெபத்தில் நாட்டமற்றுப்போகும்போது தாம் செய்வதை லூத்தர் விவரிக்கிறார். சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குச் செல்கிறார். மக்கள் கூடியிருக்கும் வேளையாயின் ஆலயத்துக்குச் செல்கிறார். கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் நேரமிருந்தால் சில திருமறை வாக்கியங்களையும் குழந்தைகளைப்போல் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறார். ஜெபத்தில் நாட்டம் பிறந்தபின் ஜெபிக்கலாம் எனக் காத்திருப்பதில்லை. மனப்பாடமாய் அறிந்த சொற்கள் உள்ளத்தைச் சூடேற்ற இடம்கொடுக்கிறார். ஆலயத்துக்குச் செல்வதை அவர் குறிப்பிடுவதும் நோக்கத்தக்கது. தனி ஜெபத்துக்கும் சபை ஜெபத்துக்கும் இடையில் அவர் மதில் எழுப்பவில்லை.

நேரத்தைக் குறித்து அவர் சொல்வது ஒரே விதி: ஜெபம் காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் இருக்கட்டும். சற்றுப் பொறுத்து, இந்த வேலையை முடித்துவிட்டு, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜெபிப்போம் என்னும் நினைவைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கவேண்டும் என்கிறார். அந்நினைவு ஒரு வேலையிலிருந்து மறுவேலைக்கு இழுத்துச்சென்று அன்றைய ஜெபத்தையே இல்லாமற் செய்துவிடும். அதே சமயம், அவசரமான நற்பணி ஜெபத்துக்கு ஒப்பானதாகவோ அதினும் மேலானதாகவோ அமையும் வேளைகளும் உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொள்கிறார். விசுவாசி செய்வதெல்லாம் ஜெபமே என்று எரோனிமுவின் பெயரால் வழங்கும் கருத்தையும் எடுத்துக்காட்டுகிறார். ஆனால் அக்கருத்தைச் சோம்பலுக்குச் சாக்காக்கி, உண்மையான ஜெபப் பழக்கத்தை இழந்துவிடலாகாது என்று உடனே எல்லை வகுக்கிறார். முன்னுரையில் குறித்த இரண்டாவது மறுமொழிக்கு இதைவிடச் சமநிலையான விடை கிடைப்பது அரிது.

அடுத்து முறை. கர்த்தருடைய ஜெபத்தின் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எடுத்து, அதன்மேல் சில சொற்களில் ஜெபிக்க வேண்டும். பின்னர், நேரமிருந்தால், கற்பனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, நான்கு இழைகளால் பின்னிய மாலையாக்க வேண்டும்: அது கற்பிப்பது என்ன, அதற்காக நன்றிசொல்ல வேண்டியது என்ன, அதனால் அறிக்கையிட வேண்டிய பாவம் என்ன, அதையொட்டி வேண்டிக்கொள்வது என்ன. தாம் எழுதிக்காட்டிய சொற்களையே திரும்பச் சொல்லவேண்டும் என்பதில்லை. அவை வழிகாட்டும் மாதிரிகளே. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்பதுமில்லை. ஒரு விண்ணப்பத்திலேயே உள்ளம் நிறைந்துவிடுமாயின் மற்றவற்றை விட்டுவிடலாம். அவ்வேளையில் தூய ஆவியானவரே உள்ளே போதிக்கத் தொடங்குவாராயின், நம் சொற்களை நிறுத்திவிட்டு அமைதியாகக் கேட்க வேண்டும். சனிக்கிழமை நிலுவையைத் தீர்க்கப் போராடிய துறவி எவ்வளவு தூரம் வந்துவிட்டார் என்பதை இந்த ஒரு கருத்தே காட்டுகிறது. முடிக்கவேண்டிய அளவு நீங்கியது. கேட்பதற்கான அமைதி பிறந்தது.

கவனத்தைப் பற்றிக் கூறுகையில், நாவிதருக்கு நாவிதர் தொழிலிலிருந்தே உவமை காட்டுகிறார். நல்ல நாவிதன் கண்ணையும் கருத்தையும் கத்தியிலும் முடியிலும் வைத்திருப்பான். பேச்சிலோ வேடிக்கையிலோ மனத்தைச் சிதறவிட்டால் வாயையோ மூக்கையோ கழுத்தையோ அறுத்துவிடுவான். எந்தத் தொழிலும் முழு மனத்தைக் கேட்குமாயின், ஜெபம் அதை எவ்வளவு அதிகமாகக் கேட்கும் என்பது வாதம். இந்த உவமையில் தொழில் இழிவாகப் பேசப்படவில்லை. ஜெபத்தில் கவனமாயிருப்பது எப்படி என்பதை அந்நாவிதர் தம் கடையில் ஏற்கெனவே கற்றிருக்கிறார் என்பதே அதன் உட்பொருள். துறவுமடத்தை நோக்கி அவர் ஏங்கவேண்டியதில்லை.

5. உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்தின நாள்

இவ்வளவோடு வரலாறு முடிந்திருந்தால் அது இனிய உதாரணக் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் 1535ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, பேதுரு தம் மகளின் வீட்டு விருந்து மேசையில், போர்வீரராயிருந்த மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். அவர் மது அருந்தியிருந்தார் எனக் கூறப்படுகிறது. லூத்தரும் வேறு சில நண்பர்களும் பரிந்துபேசியதால் மரணதண்டனை விதிக்கப்படவில்லை. நாடுகடத்தப்பட்டுச் சொத்திழந்த அவர், எஞ்சிய நாட்களை டெசாவ் நகரில் கழித்தார்.

நாவிதன் கத்தியின்மேல் கண்வைத்திருப்பதை உவமையாகக் காட்டிய நூல் வெளிவந்த சில வாரங்களுக்குள், அதைக் கேட்டுப்பெற்றவரின் கையிலேயே கத்தி கொலைக்கருவியாயிற்று. பக்திநூல்களில் இச்செய்தி பெரும்பாலும் விடப்பட்டுவிடுகிறது. இறையியல் மாணவர் இதை விட்டுவிடலாகாது. ஒழுங்கான ஜெபம் மனிதனைத் தீமையினின்று தானாகவே காத்துவிடும் காப்பு அன்று. தீமையிலிருந்து இரட்சிக்க வேண்டுமென நாள்தோறும் கேட்பதற்குக் காரணம், அத்தீமை நம் வீட்டு மேசைவரை வரக்கூடும் என்பதுதான். ஜெபத்தை ஒரு முறையாகக் கற்பிக்கும் நாம், அம்முறையின்மேலே நம்பிக்கை வைக்கக் கற்பித்துவிடும் ஆபத்து உண்டு.

அதைவிட முக்கியமானது, நூலாசிரியர் செய்தது. நூலின் பெயருக்கு இழுக்கு வந்தது என்று லூத்தர் நண்பரைக் கைவிடவில்லை. அவருக்காக அதிகாரிகளிடம் மன்றாடினார். பிறருக்காக வேண்டுதல் ஜெபத்தின் ஒரு பகுதி என்பதை அறையில் எழுதியவர், நீதிமன்ற வாயிலிலும் அதைக் கடைப்பிடித்தார். அமைதியான ஜெபத்தின் மெய்ம்மை இத்தகைய வேளைகளில்தான் சோதிக்கப்படுகிறது.

6. காத்தரீனாளின் நாள்

அதே 1535ஆம் ஆண்டில் மற்றொரு சான்றும் கிடைக்கிறது. லூத்தரின் மனைவி காத்தரீனாள் ஃபொன் போரா, 1523ஆம் ஆண்டு வரை நிம்ப்ஷன் மடத்தில் கன்னித்துறவியாக வாழ்ந்தவர். மணியோசைக்கேற்ப நாள்தோறும் சங்கீதம் பாடிய வாழ்க்கை அது. 1525ஆம் ஆண்டு திருமணத்துக்குப்பின், பழைய மடக் கட்டடமே அவர் இல்லமாயிற்று, ஆனால் மணியில்லை. 1535ஆம் ஆண்டில் அவருக்கு ஐந்து குழந்தைகள். கடைக்குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. மாணவரும் விருந்தினரும் உறவினரும் அவ்வீட்டில் நிறைந்திருந்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் யுஸ்டுஸ் யோனாஸ் என்பவருக்கு லூத்தர் எழுதிய கடிதத்தில், தம் மனைவி வண்டியோட்டுகிறார், வயலைக் கவனிக்கிறார், மாடு வாங்கி மேய்ச்சலுக்கு அனுப்புகிறார், பியர் காய்ச்சுகிறார் என்று பட்டியலிடுகிறார். இவற்றினிடையே அவர் திருமறை முழுவதையும் வாசிக்கத் தொடங்கியுள்ளார். முழு ஜெர்மானியத் திருமறை முந்தின ஆண்டிலேதான் வெளிவந்திருந்தது. உயிர்த்தெழுந்த திருநாளுக்குள் முடித்தால் 50 கில்டர் தருவதாக லூத்தர் வாக்களித்திருக்கிறார். காத்தரீனாள் உபாகமம் வரை வந்துவிட்டார்.

கடிதத்தில் அன்பும் நகைச்சுவையும் உண்டு. ஆயினும் வேலைகளின் பட்டியலில் ஒன்றையேனும் அவர் தோளிலிருந்து இறக்கியதாக அதில் செய்தியில்லை. சீர்திருத்தம் ஜெபத்தை மடத்திலிருந்து வீட்டுக்குக் கொணர்ந்தது பெரும்பேறே. ஆனால் வீட்டில் ஜெபத்துக்கான நேரத்தைக் காத்துத்தரும் மணியும் கூட்டமும் பெண்ணுக்கு இல்லாமற்போயின. மடத்தில் உழைப்பாளர் சகோதரர் இருந்த இடத்தில், வீட்டில் மனைவி நின்றார். விடியற்காலையில் போதகர் திருமறையோடு அமர்ந்திருக்கையில், அவ்வேளையில் நீர் இறைத்து அடுப்பு மூட்டுபவர் யார் என்னும் கேள்வி இன்றைய குருமனைகளுக்கும் பொருந்தும்.

7. பிற்கால வழிகள் இரண்டு

விட்டன்பர்க்கில் எழுந்த சிக்கலை வேறிடங்களில் தீர்க்க முயன்ற இரண்டு முயற்சிகளைச் சுருக்கமாகக் காணலாம்.

ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. தாமஸ் கிரான்மர் 1549ஆம் ஆண்டுப் பொது ஜெபநூலில் நேர வழிபாடுகளைக் காலை ஜெபம், மாலை ஜெபம் என இரண்டாகச் சுருக்கினார். சங்கீதங்கள் மாதத்துக்கு ஒருமுறை முடியுமாறு பகுத்தார். 1552ஆம் ஆண்டுப் பதிப்பு, குருமார் நாள்தோறும் இவற்றைச் சொல்ல வேண்டும் எனக் கட்டளையிட்டு, பிரசங்கம், இறையியல் படிப்பு, பிற அவசரக் காரணம் ஆகியவற்றுக்கு விலக்களித்தது. சபைக்குரு ஊரிலிருந்தால் ஆலயத்திலேயே சொல்ல வேண்டும். விரும்புவோர் வந்து சேரும்படி மணியடிக்க வேண்டும் என்றும் கூறியது. 1662ஆம் ஆண்டுப் பதிப்பில் பிரசங்கமும் படிப்பும் விலக்குப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நோயும் அவசரக் காரணமுமே எஞ்சின. பிரசங்க ஆயத்தம் ஜெபத்துக்கு ஈடாகாது என்னும் அனுபவ அறிவு இம்மாற்றத்தில் தென்படுகிறது. இந்நூல் தமிழாக்கத்தின் வாயிலாக நம் ஆங்கிலிக்கச் சபைகளிலும் வழங்கிவந்ததை நாம் அறிவோம்.

மற்றொன்று, லூத்தர் நாவிதருக்கு எழுதி 400 ஆண்டுகள் நிறைந்த 1935ஆம் ஆண்டில் நடந்தது. தீட்ரிஹ் பான்ஹோஃபர் ஜெர்மனியின் அறிக்கைத் திருச்சபைக்காக ஒரு குருத்துவக் கல்லூரியைச் சிங்ஸ்ட் என்னுமிடத்தில் தொடங்கி, பின்னர் ஃபிங்கன்வால்டுக்கு மாற்றினார். நாள் பொது வழிபாட்டோடு தொடங்கி அதனோடே முடிந்தது. காலையில் அரைமணி நேரம் ஒவ்வொருவரும் அமைதியாகத் திருமறைப் பகுதி ஒன்றைத் தியானிக்க வேண்டும், வாரம் முழுதும் ஒரே பகுதி, மொழியாராய்ச்சி கூடாது, பிரசங்கக் குறிப்பும் கூடாது. மாணவர் பலர் திகைத்தனர். என்ன செய்வதென்று அறியாமல் சிலர் உறங்கினர். எதிர்ப்பும் எழுந்தது. பான்ஹோஃபர் அதைக் கேட்டு, வாரத்தில் ஓரிருமுறை அனைவரும் சேர்ந்து தியானிக்க வகைசெய்தார். ஆனால் அரைமணி நேரத்தைக் கைவிடவில்லை. 1936ஆம் ஆண்டு காரல் பார்த்கூட, இதில் துறவுமடத்தின் சாயல் தெரிகிறதே என ஐயுற்று எழுதினார். 1937ஆம் ஆண்டு அரசின் இரகசியக் காவல்துறை அக்கல்லூரியை மூடியது. சிறையும் போர்க்களமும் அம்மாணவருக்குக் காத்திருந்தன. இந்த அனுபவத்தைப் பான்ஹோஃபர் 1939ஆம் ஆண்டு வெளியான தமது நூலில் பதிவுசெய்தார்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் சில.

முதலாவது, ஜெபநேரம் தானாகக் கிடைத்த காலம் எதுவுமில்லை. அது எப்போதும் குறிக்கப்பட்டும் காக்கப்பட்டும் வந்தது. பெரும்பாலும் அதைக் காத்தது ஒரு கூட்டமே. ஆகவே போதகரின் ஜெபநேரம் அவருடைய தனிப்பட்ட ஒழுக்கப் பிரச்சினை மட்டுமன்று. சேகரக் கமிட்டியின் பொறுப்புமாகும். போதகரின் வேலைநாளைத் திட்டமிடும் சபை, அதற்கும் இடம் வைக்கட்டும். நாள்தோறும் குறித்த வேளையில் ஆலயக் கதவைத் திறந்து, மணியடித்து, வருவோர் இருவராயினும் அவர்களோடு ஜெபிக்கும் போதகர், தம் ஜெபநேரத்தையும் காத்துக்கொள்வார். சபைக்கும் ஒரு நேரத்தைத் தருவார்.

இரண்டாவது, கணக்கு ஜெபத்தைக் கொல்லும், ஒழுங்கின்மையும் கொல்லும். நாளின் இரு முனைகள், மனப்பாடமான சில சொற்கள், கேட்பதற்கான சிறிது அமைதி ஆகியவையே நாவிதருக்குத் தரப்பட்டவை. விட்டுப்போன நாளுக்கு நிலுவை இல்லை. நம் ஞானோபதேச வகுப்புகளில் கற்பனைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்விக்கும்போது, பின்னாளில் அவர்கள் ஜெபிக்கப்போகும் சொற்களையே கொடுக்கிறோம் என்பதை உணரவேண்டும்.

மூன்றாவது, ஒருவருடைய அமைதி மற்றொருவருடைய முதுகில் ஏறிநிற்கலாகாது. குருமனையில் கணவர் ஜெபிக்கும் வேளையில் மனைவி உழைத்தால், மனைவி ஜெபிக்கும் வேளையில் கணவர் உழைக்கட்டும். கூலிவேலை செய்யும் சபையாரிடம் விடியற்கால ஜெபத்தை வற்புறுத்துமுன், அவர்கள் எத்தனை மணிக்கு உறங்கச் சென்றார்கள் என்று கேட்கும் இரக்கம் நமக்கு வேண்டும்.

நான்காவது, ஜெபம் காப்பு அன்று; உறவு. பேதுரு என்னும் நாவிதர் டெசாவில் கழித்த நாட்களைப் பற்றி நாம் அறிவது மிகச் சிறிதே. ஆனால் மன்னிப்பைக் கேட்கும் விண்ணப்பத்தைத் தம் நண்பரிடமிருந்து அவர் முன்னமே கற்றிருந்தார். அதைச் சொல்வதற்கு மடமும் வேண்டியதில்லை, மூன்று மணி நேரமும் வேண்டியதில்லை.